நாளைக்கு மேட்ச், இண்டைக்கு வருவியளோ?

பொலிஸ் எப்போது வந்து கதவைத் தட்டும் என்று ஆசையோடு காத்திருந்த ஒரே ஒரு தமிழச்சியை நான் கொழும்பு வெள்ளவத்தையில்தான் கண்டேன். யுத்த காலம். இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு கட்டில், நடுவில் ஒரு மேசைவிசிறி, கடல் பக்கம் ஒரு யன்னல். அவளுக்குக் கட்டில் நீளம் காணாது. கால்மாட்டில் ஒரு ஸ்டூலை வைத்து, அதன்மேல் தலையணையைப் போட்டுக் காலை நீட்டுவாள். அவ்வளவு உயரம். கடலோரமாகப் போகும் காலி வீதிப் பெருந்தெருவில் அவளோடு நடந்தால் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"மேலை மழை பெய்யுதோ அக்கா?" என்று நான் கேட்பேன்.

"பெய்யுது. உனக்கு வந்து சேர நேரம் எடுக்கும், குடையைப் பிறகு விரி" என்பாள்.

என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். பேப்பரில் அவள் பெயர் வந்த நாட்களில் அவர்களே அதை ஒருநாளும் சரியாகப் போட்டதில்லை. நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?

அக்கா விளையாடியது நெட்போல். வளையத்துக்குக் கீழே நின்று பந்தைப் போடுகிற ஷூட்டர். கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனி அவளைத் தன் அணிக்காகவே வேலைக்கு எடுத்திருந்தது. தேசிய அணிக்குத் தெரிவு செய்கிற பிள்ளைகளின் கூட்டத்திலும் அவள் இருந்தாள். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

நானோ ஒரு காப்புறுதிக் கம்பனியில் ரைப்பிஸ்ட். எனக்கு விளையாட்டும் தெரியாது, ஓடவும் தெரியாது. தெரிந்த ஒரே காரியம் நித்திரை. படுத்தால் கட்டை. இப்படிப்பட்ட என்னை, உலகத்திலேயே நித்திரையைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட ஒருத்தியோடு ஒரே அறையில் கொண்டுபோய்ப் போட்டது விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் வெள்ளவத்தையில் தமிழர் இருந்த வீடுகளில் எல்லாம் யார் யார் தங்கியிருக்கிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டும். பிறகு இரவில் பொலிஸும் ஆமியும் சேர்ந்து வருவார்கள். கதவைத் தட்டி, எல்லோரையும் முன் அறையில் நிற்க வைத்து, அடையாள அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, "கொழும்புக்கு ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய்" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். செக்கிங் என்போம். சில கிழமைகளில் வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் வரும். சில கிழமைகளில் எட்டியும் பார்க்க மாட்டார்கள். அதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருந்தோம். வீட்டுக்கார அன்ரி படுக்கைக்கே நல்ல சேலையாக உடுத்துக்கொண்டு போவார். "நைட்டியோட போய் ஆமிக்காரனுக்கு முன்னாலை நிண்டா என்ர மரியாதை என்னாகிறது?" என்பார். நான் யாராவது உலுப்பினால் எழும்பி, நின்றபடியே மிச்ச நித்திரையைக் கொண்டுவிட்டு, திரும்பி வந்து விழுவேன்.

அக்காவால் அது முடியாது. "முதல் நித்திரை உடைஞ்சா எனக்குப் பிறகு வராதடி. வராட்டி அடுத்த நாள் கை என்ர சொல்லுக் கேளாது. வளையம் ரெண்டாத் தெரியும்" என்பாள்.

அதனால் மேட்சுக்கு முதல்நாள் அவள் படுக்கவே மாட்டாள். முன் அறையில் கதவுக்கு நேரே பிரம்புக் கதிரையைப் போட்டு, மடியில் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் வந்து தட்டத் தொடங்கும்போதே கதவு திறந்துவிடும். திறந்த இடத்தில் இவ்வளவு உயரமான ஒரு பெண் சிரித்த முகத்தோடு நிற்பதைக் கண்டு ஒருமுறை சின்னப் பெடியனான ஒரு ஆமிக்காரன் பின்னால் போய்ப் பூச்சாடியில் முட்டுப்பட்டான். "வாங்கோ வாங்கோ" என்று சிங்களத்தில் கூப்பிடுவாள். விருந்தாளிகளைக்கூட அன்ரி அப்படிக் கூப்பிட்டதில்லை. செக்கிங் முடிந்து அவர்களுடைய சப்பாத்துச் சத்தம் எங்கள் சின்னத் தெரு ஒழுங்கையின் முடிவுக்குப் போகும் முன்பே அக்கா நல்ல நித்திரையில் இருப்பாள்.

வராத நாட்களில்தான் கரைச்சல். இனி வர மாட்டார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அவள் இருந்தபடியே இருப்பாள். கரையோர ரயிலின் முதல் சத்தம் கேட்டபிறகு எழும்பி, முகம் கழுவி, பையைத் தூக்கிக்கொண்டு மேட்சுக்குப் போவாள். போகும் வழியில் ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பந்தை அமத்திப் பார்ப்பார்கள். ஒருவன் காதுக்குக் கிட்ட வைத்துக் குலுக்கியும் பார்த்தானாம்.

அப்படிப் போன ஒரு முக்கியமான மேட்சில் அவள் போட்ட பந்தெல்லாம் வளையத்தில் பட்டு வெளியே போனது. கோச் ஒரு சிங்கள மிஸ். கண்டிப்பான மனுஷி, ஆனால் நீதியானவர். பாதி ஆட்டத்தில் அக்காவைக் கூப்பிட்டு, "நீ நின்றுகொண்டே நித்திரை கொள்கிறாய்" என்று சொல்லி, எந்த இடத்து ஆட்டக்காரி என்று காட்ட நெஞ்சில் கட்டியிருந்த எழுத்துத் துணியைக் கழற்றி வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு பல மேட்சுகளில் அக்கா விளையாடாமல் ஓரத்து வாங்குப் பலகையில்தான்.

"ஏன் அக்கா, மிஸ்ஸிட்டை உள்ளதைச் சொல்லலாம்தானே?" என்று கேட்டேன்.

"சொல்லி?"

"இரவு செக்கிங் வாறது, நித்திரை இல்லை எண்டு."

"சொன்னா பாவம் பாப்பினம். பாவம் பாத்துத் தாற இடத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? மற்றது, பொலிஸ் வாற வீட்டிலை இருக்கிறவள் எண்டு தெரிஞ்சா, நல்ல பிள்ளையள்தான், ஆனா பந்தைத் தரேக்கை ஒருக்கா யோசிப்பாளவை. யோசிச்சா பந்து பிந்தும்."

அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க விட மாட்டாள்.

மேட்சுக்கு முதல்நாள் இப்படி என்றால், மேட்ச் முடிந்த அன்று வேறு கூத்து. மற்றப் பிள்ளைகளை அண்ணனோ அப்பாவோ மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிப் போவார்கள். போகும் வழியெல்லாம் ஆட்டத்தைச் சொல்லிச் சொல்லியே அவர்களுக்குக் களைத்துவிடும். அக்காவோ பஸ்ஸில் தனியே வருவாள். அம்மா யுத்தம் நடந்த வன்னியில் இருந்தார். அந்தப் பக்கம் டெலிபோன் இல்லை. இங்கே அன்ரிக்கு நெட்போல் என்றால் வலையில் மீன் பிடிப்பதோ என்ற அளவுக்குத்தான் விளக்கம். ஆகையால் ஆட்டம் முழுவதும் அவளுக்குள்ளேயே இருக்கும். படுத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். "கண்ணை மூடினா விசில் கேக்குதடி" என்பாள்.

கடைசியில் குசினிக்குப் போய்ச் சின்ன வெங்காயத்தையும் உள்ளிப் பூண்டையும் அள்ளிக்கொண்டு வருவாள். அறைச் சிமெண்டுத் தரையில் பரப்புவாள். வெங்காயம் எங்கட ஆக்கள், உள்ளி மற்ற ஆக்கள். பக்கத்துக்கு ஏழு. என் தேத்தண்ணிக் கோப்பை வளையம். ஆட்டத்தின் நாலு குவாட்டரில் முதலாவதிலிருந்து ஒவ்வொரு பந்தாகச் சொல்லத் தொடங்குவாள். நான் கட்டிலில் சுருண்டபடி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

"எடி, நித்திரையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப சொல்லு, பந்து இப்ப ஆரிட்டை?"

"உங்களிட்டைத்தான் அக்கா."

ஷூட்டரிடம்தானே பந்து கடைசியில் வந்தாக வேண்டும்! அநேகமாகச் சரியாகிவிடும். அவளும் திருப்தியாக அடுத்த பந்துக்குப் போவாள். அடுத்தநாள் அன்ரி, "ஆரடி என்ர வெங்காயத்தை எல்லாம் மண்ணாக்கினது?" என்று கத்துவார்.

தோற்ற நாளைவிட வென்ற நாள்தான் மோசம். "தோத்தா அழுதிட்டுப் படுக்கலாம். வெண்டா என்னத்தைச் செய்யிறது, சொல்லு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பிறகு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வென்றுவிட்டு வந்து வெங்காயத்திடம் சொல்கிற பிழைப்பு என்ன பிழைப்பு?

இப்படியிருக்க, வெளிநாட்டில் ஒரு பெரிய போட்டி வந்தது. அணியைத் தெரிவு செய்வதற்கு ஒரு சனிக்கிழமை ட்ரையல் மேட்ச். கோச் மிஸ் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுதான் கடைசி. அன்றைக்குப் போட்டாயென்றால் பிளேன். இல்லையென்றால் உனக்குப் பதிலாக வேறு ஆள், இனிமேலும் வேறு ஆள்தான்" என்று சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து அக்கா வேறொன்றும் கேட்டதில்லை. அந்தக் கிழமை பார்த்து நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்தது. செக்கிங் எந்த நேரத்தில் வரும், எந்த ஒழுங்கைக்கு வரும் என்று கணக்கில்லாமல் போனது. திங்களிலிருந்து வியாழன் வரை வரவேயில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா வேலையால் வந்து, நேரத்தோடு சாப்பிட்டு, மேட்ச் பையையும் தூக்கித் தோளில் போட்டாள்.

"வா, சந்தி மட்டும் போயிட்டு வருவம்."

வாழைப்பழம் வாங்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மேட்சுக்கு முன் வாழைப்பழம் சாப்பிடுவாள். பழக்கடையைத் தாண்டினாள். பார்மசியைத் தாண்டினாள். நேரே பொலிஸ் ஸ்டேஷன் படலைக்குள் நுழைந்தாள். நான் வெளியே நின்று, "அக்கா, உங்களுக்கு விசரோ?" என்று கத்த வாயைத் திறந்தேன். காவலுக்கு நின்றவன் என்னைப் பார்த்தான். பேசாமல் அவளுக்குப் பின்னாலே போய்விட்டேன்.

உள்ளே மேசையில் வயதான ஒரு சார்ஜன்ட் பிளேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா வணக்கம் சொன்னாள். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போல, நல்ல சிங்களத்தில் கேட்டாள். "சேர், இன்றைக்கு இரவு எங்கள் ஒழுங்கைக்கு வருவீர்களா? நாளைக்கு எனக்கு மேட்ச். வருவதென்றால் நேரத்தோடு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். வராவிட்டால் சொல்லுங்கள், நான் போய்ப் படுக்க வேண்டும்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை நிறுத்தினான். சார்ஜன்ட் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். குண்டு வெடித்த கிழமையில் ஒரு தமிழ்ப் பெட்டை வந்து, இன்றைக்கு எங்கே தேடப் போகிறீர்கள் என்று கேட்கிறாள்! முருகா, என்னைப் பெற்றவளின் முகத்தை இனிப் பார்ப்பேனா என்றே நினைத்தேன்.

"இதைக் கேட்டுவரச் சொல்லி உன்னை யார் அனுப்பியது?"

"ஒருவரும் இல்லை சேர். எனக்கு நித்திரை வேண்டும்."

சார்ஜன்ட் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்தார். தேசிய அணிப் பயிற்சிக்கான அட்டையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் நெட்போலா?"

"இல்லை சேர்."

"அதுதானே பார்த்தேன். அப்படியானால் நீ ஏன் வந்தாய்?"

நான் அக்காவின் பை வாரைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் பொறுப்பான பெரியவர் வெளியே போயிருக்கிறார், அவர் வந்து பார்த்துத்தான் உங்களை விடுவதா இல்லையா என்று சொல்லுவார், விடியவும் ஆகலாம், அதுவரை அந்த வாங்கில் இருங்கள் என்றார் சார்ஜன்ட். நான் அழத் தொடங்கினேன். அக்கா வாங்கைப் பார்த்தாள். பிறகு சார்ஜன்டைப் பார்த்தாள்.

"அவர் வரும்வரைக்கும் எங்களை ஒருவரும் எழுப்ப மாட்டீர்கள்தானே சேர்?"

"எழுப்பி உங்களை எங்கே அனுப்புவது?" என்று அவர் சிரித்துவிட்டார்.

அவ்வளவுதான். பையைத் தலைக்கு வைத்தாள். கால் பாதி வாங்குக்கு வெளியே தொங்கியது. நான் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் நித்திரையாகிவிட்டாள். கொழும்பில் ஒரு தமிழச்சிக்கு, பொலிஸ் வந்து கதவைத் தட்டாது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் இருந்தேன், கொட்டக் கொட்ட முழித்தபடி. நித்திரைக்குப் பெயர் போன நான்! வயர்லெஸ் கரகரத்தது. ஒரு குடிவெறிக்காரனைக் கொண்டுவந்து அடைத்தார்கள், அவன் பாட்டுப் பாடினான். நுளம்புக் கடி வேறு. இடையில் முற்றத்தில் நின்ற ட்ரக்கில் எல்லோரும் ஏறிப் போனார்கள். திரும்பி வந்தபோது ஒரு கொன்ஸ்டபிள் பட்டியலும் கையுமாக வந்து, இன்ன ஒழுங்கையில் இன்ன வீட்டில் இரண்டு பெட்டைகள் குறைகிறார்கள், வீட்டுக்காரி தெரியாது என்று சொல்லி அழுகிறாள் என்றான். எங்கள் வீடுதான். சார்ஜன்ட் தலையைத் தூக்காமல் பேனாவால் எங்களைக் காட்டினார்.

"அந்த இரண்டும் இங்கே."

கொன்ஸ்டபிள் எங்களைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அக்கா திரும்பிப் படுத்தாளே தவிர முழிக்கவில்லை.

விடிந்தபிறகுதான் பெரியவர் வந்தார். சார்ஜன்ட் சொன்னதை எல்லாம் கேட்டார். சிரிக்கவில்லை. "தங்கச்சி, இனி ஒருநாளும் இப்படி வந்து கேட்காதே. நேற்று இவர் இருந்தபடியால் சரி. வேறு ஆள் இருந்திருந்தால் நீ விளையாடப் போயிருக்க மாட்டாய்" என்று சொல்லி எங்களைப் போகவிட்டார். அக்கா "சரி சேர்" என்றாள். ஸ்டேஷன் பைப்பில் முகம் கழுவினாள். பிறகு வாழைப்பழம் வாங்கினாள்.

நான் சந்திக் கடை டெலிபோனில் அன்ரிக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அவளோடு மைதானத்துக்குப் போனேன். அவள் விளையாடியதை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். அவள் துள்ளவுமில்லை, ஓடவுமில்லை. கையை உயர்த்துவாள், பந்து வரும். ஒரு கணம் அப்படியே நிற்பாள். சுற்றி நின்று கையை வீசுகிறவர்கள் எல்லாம் யாரோ என்ற மாதிரி. பிறகு பந்து வலைக்குள் கிடக்கும். எனக்கு விளையாட்டு விளங்காது என்று சொன்னேனே, அன்றைக்கு எல்லாம் விளங்கியது. எந்த வெங்காயம் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

முடிந்தபிறகு கோச் மிஸ் வந்து அவளுடைய தோளில் தட்டினார். "நேற்று நல்ல நித்திரை போல?"

"ஓம் மிஸ்."

"என்ன செய்தாய்?"

"இடம் மாறிப் படுத்தேன் மிஸ்."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரிப் பாவனை பண்ணினேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, அன்ரியிடம் வயிறு நிறையப் பேச்சு வாங்கிக்கொண்டு, நான் கட்டிலில் விழுந்தேன். அக்கா ஏதோ கேட்டாள் போல. பதில் சொன்னேனா தெரியாது. காலையில் காலைக் கீழே வைத்தபோது வெங்காயம் மிதிபட்டது. தரையில் ஏழு வெங்காயமும் ஏழு உள்ளியும் கடைசிப் பந்து வரைக்கும் நகர்ந்து நின்றன. இரவு முழுக்கப் படுக்காத அவளுடைய கட்டில் விரித்தபடியே இருந்தது.

பிறகு அவள் பிளேன் ஏறினாள். அறை எனக்கு மட்டும் என்று ஆனது. நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டுதான் அனுப்பினேன். எவ்வளவு விளையாட்டுக்குச் சொன்னாலும், அந்த ஸ்டூலில் அவளுடைய கால் இல்லாதது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

ஒருநாள் நானும் அன்ரியும் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் போட்டுக்கொண்டு இருந்தபோது டெலிபோன் அடித்தது. அக்கா. அங்கே நேரம் எங்களைவிட முன்னுக்கு. எல்லோரும் படுத்துவிட்டார்களாம், ஹோட்டலின் கீழ்த்தளத்திலிருந்து எடுக்கிறாளாம்.

"எடி, செக்கிங் வந்ததோ?"

"இன்னும் இல்லை. உங்கை வந்ததோ?" என்று பகிடிக்குக் கேட்டேன்.

"ஓம், வந்தது" என்றாள் அவள்.

முதல் மேட்சுக்கு முந்திய இரவு, நல்ல நீளமான கட்டில் இருக்கத்தக்கதாக, கதிரையைக் கதவுக்கு நேரே போட்டு, மடியில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தாளாம். "இங்கை ஒருத்தரும் வர மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். நான் என்ன மோடச்சியோ? ஆனா உடம்புக்கு ஆர் போய்ச் சொல்லுறது?" அடுத்தநாள் ஒன்றும் சரிவரவில்லை. வாங்கில் இருத்திவிட்டார்கள்.

அடுத்த மேட்சுக்கு முதல்நாள் தன்னோடு அறையில் இருந்த கப்டன் பிள்ளையைப் பிடித்திருக்கிறாள். நீ வெளியே போய்க் கதவைச் சாத்து. பலமாகத் தட்டு. நான் திறப்பேன். பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தைப் பார், முகத்தைப் பார். ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய் என்று கேள். பிறகு, சரி, போய்ப் படு என்று சொல். அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்ததாம். ஆனாலும் வெளியே போய்த் தட்டியதாம்.

"படுத்ததுதான் தெரியும் எனக்கு. அடுத்தநாள் போட்டதெல்லாம் உள்ளுக்கை. நாங்கள் வெண்டிட்டம்."

"பேந்து என்ன நடந்தது?"

"பேந்தென்ன, ராசியாப் போச்சு எண்டு எல்லாரும் பிடிச்சிட்டாளவை. நேற்று இரவு முழு நெட்போல் ரீமும் பாஸ்போர்ட்டோட வெளியிலை வரிசையா நிண்டது. கப்டன் ஒவ்வொருத்தியா செக் பண்ணி உள்ளுக்கை விட்டவள். ஒரே சிரிப்பு. ஹோட்டல்காரர் வந்து சத்தம் போடாதையுங்கோ எண்டு சொல்லுற அளவுக்குச் சிரிப்பு. நானும் சிரிச்சனான்."

அன்ரி பக்கத்தில் வந்து நின்று, "வெண்டவையாமோ, கேள்" என்று என் கையைச் சுரண்டினார்.

"கப்டன் கேட்டவள், இது எங்கை பழகினது எண்டு" என்றாள் அக்கா. "எங்கட பக்கத்து வழக்கம் எண்டு சொன்னன்."

இடியப்பக் கையோடு டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடி, நித்திரையோ?"

"இல்லை அக்கா."

"இண்டைக்கும் வெண்டிட்டம். இங்கை எல்லாரும் படுத்திட்டாளவை."

"சொல்லுங்கோ அக்கா."

"முதல் குவாட்டர். விசில் ஊதியாச்சு. பந்து இப்ப ஆரிட்டை?"

"உங்களிட்டைத்தான்" என்றேன்.

"இல்லையடி, இன்னும் வரேல்லை, பொறு" என்று அவள் சொல்லத் தொடங்கினாள். நான் அன்ரிக்குச் சைகை காட்டி ஒரு கதிரையை இழுத்துக்கொண்டேன். அது கதவுக்கு நேரே கிடந்த அவளுடைய பிரம்புக் கதிரைதான்.